வேகாத கிழங்கு

அந்த மருந்துப் பட்டறையில் அவளை எல்லோரும் நாக்குக்காரி என்றுதான் சொல்வார்கள். அதற்குக் காரணம் இரண்டு. வாயைத் திறந்தாள் என்றால் எதிரே நிற்கிறவனின் மானம் கப்பலேறிவிடும் என்பது ஒன்று. விஷக் கிழங்கை நாக்கில் வைத்துப் பார்த்து, அது மருந்தாகிவிட்டதா, இன்னும் விஷமாகவே கிடக்கிறதா என்று சொல்வது அவள் வேலை என்பது இன்னொன்று. கூப்பிடுகிறவர்கள் முதல் காரணத்தை மனதில் வைத்துக்கொண்டு கூப்பிடுவார்கள். அவள் முறைத்தால் இரண்டாவதைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள்.

நாக்குக்கு முன்னால் கை பேசுகிற குடும்பத்தில் பிறந்தவள் அவள். அப்பன் அம்மாவை அடித்தான், அம்மா இவளை அடித்தாள், இவள் தெருவை அடித்தாள். கட்டிக்கொண்டவன் ஒருநாள் குடித்துவிட்டு வந்து இரும்புக் கரண்டியால் முதுகில் ஒன்று வைத்தான். அப்போது அவளுக்குப் பட்டறையில் வேர் இடிக்கிற வேலை. நாள் முழுவதும் உலக்கை தூக்கிய கை அது. அந்தக் கையால் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக் கதவு நிலையில் வைத்து ஒரே அமுக்காக அமுக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதாம். கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று போனவன்தான், கட்டு அவிழ்த்த பிறகும் வரவில்லை. அவள் தேடவும் இல்லை.

மிச்சம் இருந்தது ஒரு மகளும் ஒரு தம்பியும். தம்பி அவளைவிட நிறைய இளையவன். சின்ன வயதிலிருந்தே திக்குவாய். ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் கேட்கிறவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். அவனைப் பார்த்து எவனாவது திக்கிக் காட்டினால் போதும், நாக்குக்காரி கல்லை எடுத்துவிடுவாள். அப்படி அவள் மண்டையை உடைத்தவர்களில் ஒரு தபால்காரரும் உண்டு. ஆனால் அதே தம்பி சாப்பாடு இறங்கவில்லை என்று முனகினால் அவன் கன்னத்தில் ஐந்து விரலும் பதியும். அவனை அடிக்கிற உரிமை உலகத்தில் தனக்கு ஒருத்திக்குத்தான் உண்டு என்பது அவள் சட்டம். அவனும் அதை ஒத்துக்கொண்டவன் மாதிரிதான் இருந்தான். வளர்ந்த பிறகு அவளே அவனைப் பட்டறையில் அடுப்பு வேலைக்குச் சேர்த்துவிட்டாள்.

இரும்புக் கடைகளும் டயர் கடைகளும் இருந்த தெருவுக்குப் பின்புறம் அந்தப் பட்டறை. முன்னால் கண்ணாடி ஜாடிகள் அடுக்கிய விற்பனை அறை. அதைத் தாண்டினால் அரவை மெஷின். அங்கே வேலை செய்கிறவர்களின் புருவம்கூட வேர்த்தூளில் மஞ்சளாக இருக்கும். அப்புறம் கழுவுகிற தொட்டி, பெண்கள் உட்கார்ந்து பொட்டலம் கட்டுகிற கூடம், கடைசியில் தகரக் கொட்டகைக்கு அடியில் செம்பு அண்டாக்கள். வெந்ததைக் காயப்போடுவது மொட்டை மாடியில்.

அந்தப் பட்டறைக்குப் பெயர் வாங்கித் தந்தது மூட்டுவலித் தூள். அதில் விழுகிற முக்கியமான சரக்கு நாபிக்கிழங்கு. கறுத்து, சுருங்கி, பார்க்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். பச்சையாக விரல்நுனி அளவு உள்ளே போனால் ஆள் எழுந்திருக்க மாட்டான். அதையே நாள் முழுக்க வேகவைத்தால் விஷம் செத்து, வலியைப் பிடுங்குகிற குணம் மட்டும் தங்கும். வேகவைக்கிற நேரம்தான் அந்தக் கிழங்கில் மருந்துக்கும் மரணத்துக்கும் நடுவே இருக்கிற சுவர்.

உலக்கை பிடித்த காலத்தில் ஒருநாள் அவள் பச்சைக் கிழங்கை இடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சில்லு தெறித்து வாய்க்குள் போய்விட்டது. துப்புவதற்குள் உதடு ஊசி குத்திய மாதிரி ஆனது. பிறகு நாக்கு கட்டையானது. வாந்தியாக எடுத்தாள். நெஞ்சு ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. செத்தாள் என்று நினைத்து ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். பிழைத்து எழுந்தவளுக்கு அந்தக் கடி மட்டும் மறக்கவே இல்லை. வெந்த கிழங்கில் விஷம் துளி மிச்சமிருந்தாலும் நாக்குநுனியில் அவளுக்குத் தெரிந்துவிடும். முதலாளி அதைக் கண்டுகொண்டு உலக்கையைப் பிடுங்கிவிட்டு, அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார். அந்த முக்காலியில் அவளைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது. முதலாளி ஒருமுறை மறந்துபோய் உட்கார்ந்து அவள் வாயில் விழுந்து எழுந்தார்.

சோதனை இப்படித்தான் நடக்கும். தம்பி அண்டாவிலிருந்து ஒரு கிழங்கை அள்ளி நடுவில் அறுத்துக் கொடுப்பான். அவள் அதன் நடுப்பாகத்தில் அரிசி அளவு சீவி நாக்குநுனியில் வைத்து, மென்று, துப்பி, வாயைக் கொப்பளிப்பாள். பிறகு தம்பி ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பான். அது முடிகிற வரை யாரும் பேசக் கூடாது. நாக்கு சுருக்கென்றால், "கடிக்குது, திரும்பப் போடு" என்பாள். ஒன்றுமில்லை என்றால், "செத்துச்சு" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் கிழங்கு மாடிக்குப் போகும். சோதனை நாளில் அவள் மிளகாய் தொடக் கூடாது, புகையிலை கூடாது, சூடாக டீ கூடக் குடிக்கக் கூடாது. நாக்கு சுத்தமாக இருக்க வேண்டும். அந்த விஷயத்தில் அவள் விரதக்காரி.

அப்படி இருக்கும்போதுதான் கெமிஸ்ட் வந்து சேர்ந்தாள். படித்த பெண், கண்ணாடி போட்டவள், குரல் மெல்லிசு. அரசாங்கத்து ஆட்கள் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்ததால் முதலாளி வேண்டா வெறுப்பாக வேலைக்கு வைத்தார். பின் கட்டடத்தில் அவளுக்கு ஒரு மெஷின். வந்த அன்றே அவள் கையில் ஒரு கண்ணாடிப் புட்டியோடு முக்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, இதுல இருக்கற விஷத்துக்குப் பேரு அக்கோனிடைன். கொதிக்கிற தண்ணில ரொம்ப நேரம் கெடந்தா அது ஒடைஞ்சு வேற பொருளா மாறிடும். மாறினதுக்கு ஆளைக் கொல்ற வேகம் கெடையாது. நீங்க செத்துச்சுன்னு சொல்றீங்கல்ல, அது இதுதான்."

"அப்ப நான் சொல்றது சரின்னு ஒத்துக்கற."

"சரிதான்க்கா. ஆனா ஒரு கெழங்குல விஷம் ஜாஸ்தி, அதுக்குப் பக்கத்துலயே கெடக்கறதுல கம்மி. எங்க வெளஞ்சது, எப்பத் தோண்டினாங்கங்கறதப் பொறுத்து மாறும். நீங்க ஒரு கெழங்கை நக்கிப் பாத்துட்டு அண்டா மொத்தத்துக்கும் சேத்துச் சொல்றீங்க. நான் பல கெழங்கை எடுத்து ஒண்ணா அரைச்சு மெஷின்ல பாக்கறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கும் கொஞ்சம் குடுங்க."

"உசுரு போகும்னு தெரிஞ்சே நாக்குல வெக்கறேன். உன் மெஷினுக்கு உசுரு இருக்கா போறதுக்கு? போ, போய் அதுக்கு வேற ஏதாவது தின்னக் குடு."

கெமிஸ்ட் நகரவில்லை. புட்டியை நீட்டியபடியே நின்றாள். நாக்குக்காரி புறங்கையால் ஒரு தட்டு தட்டினாள். புட்டி அண்டாவின் விளிம்பில் பட்டுச் சிதறி, ஒரு சில்லு அந்தப் பெண்ணின் பாதத்தைக் கிழித்துவிட்டது. ரத்தம் செருப்பில் நிறைந்து தரைக்கு வந்தது. தம்பிதான் ஓடிவந்து தன் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டான். நாக்குக்காரி முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

முதலாளி வந்து கத்தினார். கடைசியில் இரண்டு பக்கமும் போகாமல் ஒரு தீர்ப்புச் சொன்னார். முதலில் நாக்கு, பிறகு மெஷின். நாக்குக்கு முடியாத நாளில் மெஷின் மட்டும். கிழங்கு காய்ந்து தூளான பிறகுதான் மெஷினுக்குப் போகும், அது பதில் சொல்ல ஒருநாள் ஆகும். சரக்குக்கு ஆள் வாசலில் நிற்கும்போது ஒருநாள் பொறுக்கிறவர் இல்லை அவர். ஆகவே கெமிஸ்ட் எழுதி அனுப்புவது எப்போதும் பொட்டலம் வண்டியேறிய பிறகுதான் வந்து சேரும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. ஆனால் நாக்குக்காரியின் மனதில் தைத்தது வேறு. நாக்குக்கு முடியாத நாள் என்று ஒன்று வந்தால் முக்காலி போய்விடும். முக்காலி போனால் மறுபடி உலக்கை. அந்த வயதில் அந்தத் தோளோடு அது முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

மழைக்காலம் ஆரம்பித்த நேரத்தில் மகள் வீங்கிய கண்ணோடு வந்து நின்றாள். மருமகனுக்கு அதே தெருவில் டயர் கடை. நாக்குக்காரி என்ன நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை. நேராகக் கடைக்குப் போய், தரையில் கிடந்த டயர் லிவரை எடுத்து, குனிந்து பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தவனின் தோளில் இறக்கினாள். அவன் அலறிக்கொண்டு திரும்பினான்.

"எம் பொண்ணு மேல கை வெச்ச கை இதுதானே? இதுதானேடா?"

இன்னொரு அடி விழுவதற்குள் அவன் முழங்கையை வீசினான். அது அவள் தாடையில் இடித்தது. இடித்த சத்தம் தலைக்குள் கேட்டது. வாயில் ரத்தமும் பல் துணுக்குமாக வந்தது. அதைத் துப்பிவிட்டு இன்னும் இரண்டு வைத்துவிட்டுத்தான் திரும்பினாள். மகளை வீட்டோடு வைத்துக்கொண்டாள். தெரு அவளுக்கு வழிவிட்டது. அவளுக்குப் பெருமைதான். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று யார் சொன்னாலும் அவள் காதில் விழாது.

ஆனால் பிளந்த கடைவாய்ப் பல் அன்று முழுக்க உயிரை எடுத்தது. பல் டாக்டரிடம் போக நேரமில்லை. பட்டறையில் இல்லாத வேரா? அக்கரகாரம் என்று ஒரு வேர் உண்டு. பல்வலிக்காரர்களுக்குப் பட்டறையே விற்கிறது. ஒரு துண்டைக் கடைவாயில் அதக்கிக்கொண்டால் முதலில் காரம் ஏறும், எச்சில் ஊறும், பிறகு வலியோடு சேர்ந்து வாயும் மரத்துவிடும். துண்டுக்கு மேல் துண்டாக அதக்கிக்கொண்டு அவள் தூங்கினாள். காலையில் கண் விழித்தபோதும் வாயில் ஒரு துண்டு இருந்தது. அன்று சோதனை நாள்.

அவளுக்குத் தெரியாதா? மிளகாயே தொடாதவளுக்கு அக்கரகாரம் என்ன செய்யும் என்று தெரியாதா? தெரியும். தெரிந்துதான் துண்டை எடுத்து மிச்சத் துண்டுகளோடு ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, தொட்டித் தண்ணீரில் வாயை ஒருமுறைக்குப் பலமுறை கொப்பளித்தாள். வலித்தது கடைவாய், வேலை நாக்குநுனிக்கு, இரண்டும் வேறு வேறு இடம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கண்ணாடிக்காரி முக்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவாளே. வீங்கிய தாடையைத் துணியால் மறைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

தம்பி கிழங்கை அள்ளிக் கொடுக்கவில்லை. அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அ... அக்கா. வெறகு ஈரம். கொதி ச... சரியா ஏறவே இல்ல. இ... இன்னும் வேகல போல."

"குடுடா."

கொடுத்தான். சீவினாள், வைத்தாள், மென்றாள், துப்பினாள். அவன் சிகரெட்டைப் பற்றவைத்தான். நாக்கில் ஒன்றுமே இல்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு கிழங்கு செத்து அவள் பார்த்ததே இல்லை.

"செத்துச்சு."

"இல்லக்கா. அறுக்கும்போதே க... கத்தி நிக்குது. நடுவுல வெ... வெள்ளையா..."

பொட்டலம் கட்டுகிற பெண்கள் அத்தனை பேரும் பார்க்க அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். சிகரெட் பறந்துபோய் ஈர விறகில் விழுந்தது.

"உன் கண்ணு பெருசா, என் நாக்கு பெருசா? வடிடா!"

அவன் வடித்தான். தள்ளி நின்று பார்த்த முதலாளி, "நாக்கு சொன்னா சரிதான், மாடிக்கு ஏத்துங்க" என்றார்.

வழக்கம் போல மெஷின் பதில் வருவதற்குள் பொட்டலம் வண்டியேறிவிட்டது. சுமை தூக்குகிற ஒருவன் அந்தத் தூளை வாங்கினான். சரக்கு மண்டியில் மூட்டை ஏற்றி ஏற்றி முழங்கால் தேய்ந்தவன். நொண்டிக்கொண்டு நின்றால் வேலை கிடைக்காது என்று ஒரு வேளைக்கு இரண்டு வேளைத் தூளைக் கரைத்துக் குடித்தான். குடித்ததும் உதடு எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொல்லிச் சிரித்தானாம். பிறகு வாந்தி. பிறகு கை கால் விறைப்பு. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கை வைத்து அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. என்ன சாப்பிட்டான் என்று டாக்டர் கேட்டார். பெண்டாட்டி பொட்டலத்தை நீட்டினாள். அதன் மேல் பட்டறையின் பெயர் இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம் மண்டியே கிளம்பி வந்தது. கையில் மூட்டைக் கொக்கிகள். முன்னால் வந்தவன் செத்தவனின் அண்ணன். ஆளைப் பார்த்தால் கதவு தானாக வழிவிடும். ஆனால் அவன் கதவைத் திறக்கவில்லை, உடைத்தான். ஜாடிகள் வரிசையாகத் தரைக்கு வந்தன. ஒருவன் தராசைத் தூக்கி அலமாரிக் கண்ணாடியில் எறிந்தான். முதலாளியை மேஜைக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்து மூக்கில் குத்தினார்கள். அவர் எப்படியோ பிய்த்துக்கொண்டு, ஒரு செருப்பை மட்டும் விட்டுவிட்டுப் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடினார். பெண்கள் அரவை மெஷினுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு அலறினார்கள்.

"கெழங்கை வேகவெச்சவன் எவன்டா?"

யாரோ கொட்டகைப் பக்கம் கை காட்டிவிட்டார்கள். தம்பி அங்கேதான் நின்றான்.

"ஒழுங்கா வேகவெச்சியா இல்லையா? சொல்லு!"

"நா... நான்... அ..."

பாவம், மற்றவர்கள் முன்னால் சாதாரணமாகவே வார்த்தை வராது. கொக்கி வைத்திருப்பவன் முன்னால் எங்கிருந்து வரும்? திக்குவதைக் குற்றவாளியின் தடுமாற்றம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன்காரன் அவன் சட்டையோடு தோளில் கொக்கியை மாட்டித் தரதரவென்று முற்றத்துக்கு இழுத்தான்.

நாக்குக்காரி அப்போது மொட்டை மாடியில் இருந்தாள். தூளைக் குடித்து ஆள் செத்துவிட்டான் என்ற கூச்சல் கேட்டுச் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தாள். தம்பியின் தோளில் ரத்தம் பார்த்ததும் அவளுக்குக் கண் இருண்டது. ஆனால் அந்த நொடியிலும் தப்பு தன் பக்கம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. செத்தவன் குடித்திருப்பான், கண்டதையும் கலந்திருப்பான், என் நாக்கு சொன்னது பொய்யாகாது. எல்லோர் முன்னாலும் அதே கிழங்கைத் தின்று காட்டினால் வாயை மூடிக்கொண்டு போவார்கள். அதுதான் அவள் யோசனை. அந்த ஈர விறகில் வெந்த கிழங்கு கொஞ்சம் இடிக்காமல் தட்டில் மிச்சமிருந்தது. அதில் ஒன்றை எடுத்து, ஓரத்தைக் கடித்து மென்றபடியே படியிறங்கினாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி நாளாகியிருந்தது. வாயில் வேறு ஒன்றும் இல்லை.

பாதிப் படியில் உதடு சுருக்கென்றது.

நின்றாள். இன்னொரு சுருக். பிறகு நூறு ஊசி. வாயிலிருந்ததைத் துப்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் துப்பினாள். உலக்கைக் காலத்தில் கடித்த அதே கடி. அது சாகவே இல்லை. அன்றைக்குச் செத்துப்போயிருந்தது அவள் நாக்குதான். தம்பி சொன்னான், விறகு ஈரம் என்று சொன்னான், கத்தி நிற்கிறது என்று சொன்னான், அவனை அறைந்தாளே. கீழே "எலும்ப ஒடைங்கடா" என்று ஒரு குரல் கேட்டது. மிச்சப் படிகளை அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

முற்றத்தில் தம்பியின் கையைக் கல்வாசற்படியில் நீட்டி வைத்து ஒருவன் அதன் மேல் ஏறி நின்றிருந்தான். இன்னொருவன் கரி தள்ளுகிற இரும்புக் கம்பியை ஓங்கினான். அவள் கத்தினாள். நான்தான், நான்தான் சரி என்று சொன்னேன், அவன் வேகவில்லை என்றுதான் சொன்னான். அவ்வளவையும் கத்தினாள். வெளியே வந்தது வெறும் குழறல். நாக்கு கட்டையாகிவிட்டது. அத்தனை வருஷம் ஊரை வெளுத்த நாக்கு, வேண்டிய நேரத்தில் ஒரு வார்த்தைக்கு உதவவில்லை.

"இவளும் திக்குறா பாருடா" என்று ஒருவன் சிரித்தான்.

கம்பி இறங்கியது. தம்பியின் முழங்கை உடைந்த சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

அவள் பாய்ந்து தம்பி மேல் விழுந்தாள். முதுகிலும் இடுப்பிலும் உதை விழுந்தது. அண்ணன்காரன் அவள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். முகத்துக்கு நேரே முகம். அவள் கை ஏப்ரன் பைக்குள் போனது. பல்வலிக்காக வைத்திருந்த அக்கரகாரத் துண்டுகள் அங்கேயே கிடந்தன. ஒரு கையால் அவன் தாடையைப் பிடித்து, மறு கையால் இரண்டு துண்டை அவன் வாய்க்குள் திணித்து, இரண்டு கையாலும் வாயை மூடிப் பிடித்தாள். உலக்கை பிடித்த பிடி. அவன் உதறினான், விடவில்லை. மற்றவர்கள் அவள் விரல்களைக் கம்பியால் அடித்தார்கள். ஒரு விரல் போனது, இன்னொன்று போனது. அப்படியும் அவன் நன்றாக மெல்லுகிற வரை விடவில்லை.

அவன் துப்பிக்கொண்டு பின்வாங்கினான். வாயிலிருந்து எச்சில் கொட்டியது. கண் பிதுங்கியது.

"வெஷம்! வெஷத்த வெச்சுட்டா! நாக்கு எரியுது!"

அதற்கு மேல் அங்கே ஒரு கொலை விழுந்திருக்கும். பின் கட்டடத்திலிருந்து ஓடிவந்த கெமிஸ்ட் குறுக்கே புகுந்தாள். மெல்லிசுக் குரல்காரி அன்று போட்ட கத்தலில் தகரக் கொட்டகை அதிர்ந்தது. தரையில் துப்பிக் கிடந்த துண்டை எடுத்து முகர்ந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தன் வாயில் போட்டு மென்றாள்.

"இது வெஷமில்ல! பல்வலிக்கு வெக்கற அக்கரகாரம்! கொஞ்ச நேரம் நாக்கு மரத்துப்போகும், அவ்வளவுதான்! உசுருக்கு ஒண்ணும் ஆகாது!"

சொல்லிவிட்டு அவள் நாக்குக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். நாக்குக்காரி உடைந்த விரலால் தன் தாடையைத் தொட்டாள், நாக்கை நீட்டிக் காட்டினாள், பிறகு அண்டாவைக் காட்டித் தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மறுபடியும் தாடை, நாக்கு, அண்டா, நெஞ்சு. கெமிஸ்டின் முகம் வெளுத்தது.

"அக்கா... அன்னிக்குச் சோதிக்கும்போது இது உங்க வாயில இருந்துச்சா?"

நாக்குக்காரி தலையை ஆட்டினாள்.

மரத்த நாக்கோடு நின்ற அண்ணன்காரனுக்கு அதை வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தம்பியின் மேல் நின்றவனைத் தள்ளிவிட்டான். பிறகு திரும்பி, கொக்கியின் கட்டைப் பிடியால் நாக்குக்காரியின் வாயில் ஓங்கி அடித்தான். முன்பற்கள் போயின. அவள் கையைத் தூக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் திருப்பி அடிக்கவில்லை. இன்னொரு அடிக்கு அவன் ஓங்கியபோது வாசலிலிருந்து செத்தவனின் பெண்டாட்டி பேசினாள். அவளும் மண்டி ஆட்களோடுதான் வந்திருந்தாள்.

"சாகடிச்சிராத. இவ உசுரோட இருக்கணும். இருந்து அனுபவிக்கணும்."

ஆஸ்பத்திரியில் நாக்குக்காரியின் நெஞ்சு ஓடி நின்று ஓடி, கடைசியில் ஓடுவதென்று முடிவு செய்தது. சாபம் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். கோர்ட்டில் கெமிஸ்ட் மிச்சக் கிழங்கை மெஷினில் பார்த்ததைச் சொன்னாள். இருக்கலாம் என்கிற அளவைப் போலப் பல மடங்கு விஷம் அதில் இருந்தது. முதலாளி தனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். நாக்குக்காரி எல்லாம் தெரியும் என்றாள், முதலாளி மாடிக்கு ஏற்றச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். பட்டறைக்குப் பூட்டு விழுந்தது.

ஜெயிலுக்கு மகள் வந்தாள். தம்பி ஒருமுறைகூட வரவில்லை. எப்படி இருக்கிறான் என்று கேட்டால், "இருக்காரு" என்பாள் மகள், அதற்கு மேல் சொல்ல மாட்டாள்.

வெளியே வந்த அன்று போக அவளுக்கு வேறு இடமில்லை. மகளும் தம்பியும் இருந்த ஒற்றை அறைக்குத்தான் வந்தாள். தம்பி ஒரு கிடங்கில் வாசல் காவலுக்கு இருந்தான். சாயங்காலம் திரும்பி வந்தவன் அவளைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் கை கால் கழுவிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தான். இடது கை முழங்கையோடு மடங்கிப்போயிருந்தது. அவன் அதை மடியில் வைத்துக்கொண்டான். மகள் கடைக்குப் போயிருந்தாள். சும்மா நிற்க முடியாமல் நாக்குக்காரிதான் உருளைக்கிழங்கை வேகப்போட்டு, எடுத்துத் தட்டில் வைத்தாள். பக்கத்தில் கரண்டியோடு நின்றாள்.

அவன் ஒரு கையால் கிழங்கை அமுக்கிப் பார்த்தான்.

"இ... இன்னும் வேகல போல."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது. கேட்டதும் ரத்தம் தலைக்கு ஏறியது. வந்ததும் வராததுமாகக் குறை சொல்கிறானா? அவளை அறியாமல் கரண்டி மேலே போய்விட்டது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு பழக்கத்தில் இடது கையை முகத்துக்கு முன்னால் தூக்கினான். மடங்கின கை கழுத்து வரைதான் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவன் இன்னும் தூக்கப் பார்த்தான்.

அவள் கரண்டியைத் தரையில் வைத்தாள். தட்டிலிருந்த கிழங்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டியில் போட்டாள். விரல்கள் நேராக வராததால் ஒன்று உருண்டுபோனது. அதையும் தேடி எடுத்துக் கழுவிப் போட்டாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். முன்பல் இல்லாத வாயிலிருந்து பேச்சு காற்றும் சத்தமுமாகத்தான் வந்தது.

"நீ பாத்துச் சொல்லுடா. நீ சொன்னப்பறம் எறக்கறேன்."

தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. மகள் வந்து, விளக்கைப் போட்டு, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். கிழங்கின் தோல் வெடித்துவிட்டது. தம்பி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அடுப்பை அணைக்காமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.